முழங்கால் தேய்மானம்: கத்தி வைக்காமல் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்

கடைசிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. ஆறு மாதமாக இடதும் சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், நடக்க நடக்கக் கொஞ்சம் விடும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்குகிறேன். மொத்தம் பதினான்கு படி. கடைசிப் படி மட்டும் மற்றதைவிட ஒரு விரற்கடை உயரம் அதிகம். அங்கே வந்ததும் நின்று, மூச்சை இழுத்துவிட்டுத்தான் காலை வைப்பேன்.

எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "மூன்றாம் நிலை தேய்மானம், ஒன்றிரண்டு வருடத்தில் மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவரை காலுக்கு ஓய்வு கொடுங்கள்" என்றார். மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஓய்வு என்றதால் மாலை நடையை நிறுத்தினேன். எட்டு மாதம் ஆகிறது. எடை ஆறு கிலோ ஏறியிருக்கிறது, வலி குறையவே இல்லை.

அறுவை சிகிச்சை கூடாது என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேனா என்று மனசு கேட்கிறது. பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெண்மேகம் எழுதியது:

அக்கா, என் அம்மாவுக்கும் இதேதான். முழங்காலில் மாட்டும் உறை (நீ-கேப்) போட்டால் வெளியே போகும்போது தைரியமாக இருக்கிறது என்கிறார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் ஒரு மணி நேரம் நிம்மதி. அதற்கு மேல் எங்களுக்கும் வழி தெரியவில்லை. பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

பழைய ஓட்டக்காரன் எழுதியது:

சகோதரி, ஓய்வுன்னு சொன்னதை நம்பி நடையை நிறுத்துனீங்களே, அதுலதான் விஷயம் இருக்கு. எனக்கு 66. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தேன். தொடை சூம்பிப்போச்சு. இஞ்ச் டேப்பால அளந்து பார்த்தா வலிக்கிற கால் தொடை இன்னொண்ணைவிட மூணு சென்டிமீட்டர் கம்மி. அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு. மெதுவா ஆரம்பிச்சு ஒண்ணரை வருஷத்துல மீட்டெடுத்தேன். ஓட்டம் இல்ல, தினமும் நாலு கிலோமீட்டர் நடை, வாரத்துல மூணு நாள் தொடைக்குப் பயிற்சி. வலி சுத்தமா போகல. ஆனா நாள் முழுக்க அதையே நினைச்சுக்கிட்டு இருந்த காலம் போயிருச்சு.

நேர்க்கோடு எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இது புரியவில்லை. தேய்ந்து போன டயரை மேலும் ஓட்டினால் மேலும் தேயாதா? மருத்துவர் ஓய்வு சொன்னதில் என்ன தவறு? ஏற்கெனவே மூன்றாம் நிலையில் இருப்பவரைப் பயிற்சி செய் என்று சொல்வது ஆபத்தாகத் தெரிகிறது.

மூட்டுத்துணை எழுதியது:

நான் பதினெட்டு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். டயர் உதாரணத்தை என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

டயருக்கு உயிர் இல்லை. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது தன் ஊட்டத்தை எடுத்துக்கொள்கிறது. பாரம் ஏறும்போது பஞ்சைப் பிழிந்த மாதிரி திரவம் வெளியேறும், பாரம் இறங்கும்போது உள்ளே போகும். இந்தப் போக்குவரத்துக்கு அசைவு வேண்டும். எட்டு மாதம் அசைக்காமல் வைத்தால் மூட்டைக் காப்பாற்றியதாக ஆகாது. தொடைத் தசை கரைகிறது, நாம் வைக்கும் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் தசை வாங்காமல் நேரே எலும்பு வாங்குகிறது.

இன்னொன்று. குருத்தெலும்புக்குள் நரம்பும் கிடையாது. வலி வருவது அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்து, மூட்டைச் சுற்றியுள்ள உறையின் வீக்கத்திலிருந்து, தசைநாண்களிலிருந்து. அதனால்தான் எக்ஸ்ரேயும் வலியும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. எக்ஸ்ரேயில் சொல்லும் நிலைகளை 1957-ல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, ஓரங்களில் முளைக்கும் எலும்பு முள், இவற்றை வைத்துத்தான் அந்தக் கணக்கு. எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு நடக்க முடிகிறது என்பது அதில் எங்குமே இல்லை. நான்காம் நிலைப் படத்தோடு தோட்ட வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நிலையில் தூங்க முடியாமல் தவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடைசிப்படி அம்மா, நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி இருக்கிறது. காலை இறுக்கம் பத்து நிமிடத்தில் விடுகிறது, நடந்தால் இளகுகிறது என்கிறீர்கள். தேய்மானத்தில் அரை மணி நேரத்துக்குள் இறுக்கம் விட்டுவிடுவது வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதம் (மூட்டுகள் அழற்சியால் வீங்கும் நோய்) போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

சில கேள்விகள். வலிக்கிற மூட்டு தொட்டால் சூடாகச் சிவந்து காய்ச்சலோடு இருந்ததுண்டா? மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டதுண்டா? விழுந்த பிறகு ஊன்ற முடியாமல் போனதா? ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கியதா? இதில் எதற்காவது ஆம் என்றால் இந்த இழையை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், பயிற்சிப் பேச்சு அப்புறம். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் சிலருக்கு முழங்காலில் வலி தெரியலாம். தொடையை உள்பக்கம் திருப்பினால் கவட்டையில் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசிப்படி எழுதியது:

எதுவுமே இல்லை ஐயா. சூடு இல்லை, பூட்டவில்லை, விழவில்லை. இடுப்பையும் திருப்பிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. நீண்ட நேரம் நின்றால் முட்டிக்கு மேலே லேசாக உப்பும், இரவில் வற்றிவிடும்.

எட்டு மாதம் வீணாக்கிவிட்டேனே என்று அழுகை வருகிறது.

மூட்டுத்துணை எழுதியது:

வீண் என்று எதுவும் இல்லை அம்மா. தசை எந்த வயதிலும் வளரும். 80 வயதுக்காரர்களிடமும் வளர்வதை என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

மூன்றே பயிற்சி. அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

முதலாவது படுத்தபடி. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். நீட்டியிருக்கும் காலின் முட்டியை மெத்தையில் அழுத்துங்கள், முன்தொடை கல் மாதிரி ஆக வேண்டும். ஆன பிறகு காலை மற்ற முட்டியின் உயரத்துக்குத் தூக்கி, ஐந்து எண்ணி, இறக்குங்கள். பத்து தடவை.

இரண்டாவதுதான் உங்கள் படிக்கட்டுக்கு மருந்து. கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நழுவக் கூடாது. உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். முட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளப் பார்க்கும், விடாதீர்கள். உட்காரும்போது மூன்று எண்ணி உட்காருங்கள். பொத்தென்று விழக் கூடாது. படி இறங்கும்போது உடம்பைத் தாங்கும் தசை இந்த மூன்று எண்ணிக்கையில்தான் பலப்படுகிறது. ஐந்து தடவை போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெத்தை உயரத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது நடை. சமதரையில் எட்டு நிமிடம், வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

வலித்தால்? வலிக்கும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை கணக்கு வைத்தால் நான்கு ஐந்து வரை வலிக்கலாம், பயமில்லை. மறுநாள் காலை பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. வந்துவிட்டால் அதே அளவு தொடருங்கள். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு வாரத்துக்குள் பலன் தெரியவில்லை என்று கைவிடுகிறவர்களே அதிகம், குறைந்தது பன்னிரண்டு வாரம் கொடுங்கள்.

இப்போதைக்குப் படியில் ஒரு சூத்திரம்: ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி கூடிய கால் முதலில். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அது பாரத்தை அவ்வளவாகக் குறைக்காது.

இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறீர்களா?

கடைசிப்படி எழுதியது:

ஆமாம், அதுதான் சுகமாக இருக்கிறது!

மூட்டுத்துணை எழுதியது:

சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே இரவெல்லாம் கிடந்தால் முட்டி முழுதாக நீள மறந்துவிடும். நீளாத முட்டியோடு நடந்தால் முன்தொடை ஓயாமல் உழைக்க வேண்டும். எடுத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

வெண்மேகம் எழுதியது:

எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே? அம்மாவை எல்லோரும் எடையைக் குறை எடையைக் குறை என்று சொல்லி நோகடிக்கிறார்கள். நடக்கவே முடியாதவர் எப்படிக் குறைப்பார்?

பழைய ஓட்டக்காரன் எழுதியது:

தங்கச்சி, நோகடிக்கிறவங்க சொல்றதைக் காதுல போடாதீங்க. ஆனா கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டா ஆசை வரும். 2005-ல வந்த ஒரு ஆய்வு, உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடியிலயும் முழங்கால் மேல விழற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையுதுன்னு கண்டுபிடிச்சுது. அஞ்சு கிலோ குறைச்சா இருபது கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்! நான் ஏழு கிலோ குறைச்சேன், பத்து மாசம் ஆச்சு. குறைஞ்சது பெரும்பாலும் சாப்பாட்டு அளவுலதான். நடந்து மட்டும் குறைக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால அம்மா நடக்க முடியலைங்கிறதை ஒரு தடையா நினைக்க வேணாம்.

நேர்க்கோடு எழுதியது:

டயர் விஷயம் தெளிவாகிவிட்டது, நன்றி. நான் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முட்டி எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று வந்தது. துளை போட்டுச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது பெரிய அறுவை இல்லையே, செய்துகொள்ளலாமா? அல்லது சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி போடலாமா?

மூட்டுத்துணை எழுதியது:

அப்பாவுக்கு வயது என்ன, விளையாட்டிலோ விபத்திலோ முறுக்கிக் கிழிந்ததா, முட்டி பூட்டிக்கொள்கிறதா என்பதைப் பொறுத்து பதில் மாறும். இளம் வயதில் அடிபட்டுக் கிழிந்தது வேறு கதை. வயதாகித் தேய்மானத்தோடு வரும் கிழிசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2008-ல் வெளியான ஒரு ஆய்வில் நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் எந்த வலியும் இறுக்கமும் இல்லை. தலைமுடி நரைப்பது மாதிரி கிழிசலும் வயதோடு வருகிறது. ஸ்கேனில் அது தெரிந்தது என்பதற்காக வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது.

துளை போட்டுச் சுத்தம் செய்வதைப் பற்றி 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்கு உண்மையிலேயே உள்ளே கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், மற்றவர்களுக்கு மேல்தோலில் கீறல் மட்டும் போட்டு மூடிவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்தும் வலியில் வித்தியாசம் இல்லை. 2013-ல் பின்லாந்தில் வயதோடு வந்த ஜவ்வுக் கிழிசலுக்கும் இதே மாதிரி செய்து பார்த்தார்கள், அதே முடிவு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தேய்மானத்துக்கு இந்தச் சிகிச்சையைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது.

பி.ஆர்.பி. பற்றி ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வந்தது. ஒரு பாதிக்கு பி.ஆர்.பி., மறு பாதிக்கு வெறும் உப்புநீர். ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஊசி போட்டவர்களுக்குக் குறையவே இல்லை என்று சொல்லவில்லை. உப்புநீர் போட்டவர்களுக்கும் குறைந்தது. பணத்தை அதில் கொட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி வேறு. மூட்டு வீங்கி, பயிற்சியே செய்ய முடியாத கட்டத்தில் சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். அந்தச் சில வாரத்தைப் பயன்படுத்திப் பயிற்சியைத் தொடங்கினால் அதற்கு அர்த்தம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் போட்டுக்கொண்டே போனவர்களிடம் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததை 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. வலியோ உப்புநீர் போட்டவர்களுக்கு இருந்த அளவேதான்.

வெண்மேகம் எழுதியது:

மூட்டுக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரை? அம்மா மூன்று வருடமாக விடாமல் சாப்பிடுகிறார்.

மூட்டுத்துணை எழுதியது:

2006-ல் 1,583 பேரிடம் சோதித்ததில் மொத்தமாகப் பார்க்கும்போது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. பெரிய கெடுதலும் இல்லை. அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வலிக்கு முதலில் நான் கேட்டுக்கொள்ளச் சொல்வது மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பற்றித்தான். முழங்கால் தோலுக்கு மிக அருகில் இருக்கும் மூட்டு என்பதால் தடவினால் உள்ளே எட்டும், ரத்தத்தில் கலப்பது குறைவு. ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று தூக்கிப் போடக் கூடாது. உறையில் போட்டிருக்கும் அளவுப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, இரண்டு வாரமாவது. வலி மாத்திரையை நீங்களாக மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். இரைப்பைப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று மூன்று இடத்தில் அடிக்கும்.

பழுதுபார்த்த கால் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நான் 2021-ல் இடது மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டேன். எனக்கு அப்போது 67.

கத்தியே வேண்டாம் என்று ஐந்து வருடம் பிடிவாதமாக இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை, தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிடும். கால் வில்லாக வளைந்துவிட்டது, நீட்ட வராது. மூன்று அறை தாண்டினால் உட்கார வேண்டும். கடைசியில் செய்துகொண்டபோது சூம்பிய தொடையை வைத்துக்கொண்டு எழுந்து நடக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. என்னோடு அதே வாரம் செய்துகொண்ட ஒரு அம்மா ஆறு வாரத்தில் தடி இல்லாமல் நடந்தார். அவர் அதற்கு முன் ஆறு மாதம் பயிற்சி செய்திருந்தார்.

அதனால் சகோதரி, பயிற்சியை அறுவைக்கு எதிரான சண்டையாக நினைக்க வேண்டாம். தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பீர்கள், முடியாவிட்டால் பலமான காலோடு மேசைக்குப் போவீர்கள். இரவுத் தூக்கம் போய்விட்டது, பயிற்சியை மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால் தயங்காதீர்கள். இன்று நான் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன்.

மூட்டுத்துணை எழுதியது:

இந்தப் பதிவுக்கு என் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு சொல்லும் உண்மை. டென்மார்க்கில் மூட்டு மாற்றத் தகுதியானவர்கள் என்று முடிவான 100 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அறுவையும் அதன் பிறகு பயிற்சியும், பாதிப் பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, செருப்புக்குள் வைக்கும் உள்ளடி, தேவைக்கு வலி மருந்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். கத்தி இல்லாத பாதியில் ஒரு வருடத்துக்குள் அறுவைக்கு மாறியவர்கள் 26 சதவீதம். மற்றவர்கள் அந்த ஒரு வருடத்தை மாற்றாமலே கடந்தார்கள், அவர்களுக்கும் வலி குறைந்திருந்தது. ஆகவே முதலில் பயிற்சிக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்பதால் அறுவைக்கான கதவு மூடிவிடாது.

கடைசிப்படி எழுதியது (மூன்றாம் வாரம்):

பயமாக இருக்கிறது. முதல் வாரம் நன்றாகப் போனது. உற்சாகத்தில் ஐந்தைப் பன்னிரண்டாக்கிவிட்டேன். நேற்றிலிருந்து முட்டி உப்பி, காலையிலும் வலி ஆறு ஏழு இருக்கிறது. தேய்மானத்தை அதிகப்படுத்திவிட்டேனா? நிறுத்திவிடவா?

மூட்டுத்துணை எழுதியது:

அதிகப்படுத்தவில்லை அம்மா. மூட்டு உறை கோபப்பட்டிருக்கிறது, தணியும். உட்கார்ந்து எழுவதை இரண்டு நாள் விட்டுவிடுங்கள். படுத்துச் செய்வதை மட்டும் செய்யுங்கள், வீட்டுக்குள் நடங்கள். உப்பலுக்குத் துணி சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். அப்புறம் ஆறில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று மட்டும் கூட்டுங்கள். மெத்தையையும் பழைய உயரத்துக்கு வையுங்கள்.

பழைய ஓட்டக்காரன் எழுதியது:

எனக்கு இது நாலு தடவை நடந்துச்சு சகோதரி. நாலு தடவையும் தணிஞ்சிருச்சு. நோட்டை மட்டும் மூடி வெச்சிராதீங்க.

கடைசிப்படி எழுதியது (பதினான்காம் வாரம்):

சொன்னபடி எழுதுகிறேன். நோட்டைப் பார்த்துக்கொண்டே.

முதல் வாரம் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தபோது வலி ஐந்து. இந்த வாரம் பதினைந்து தடவை, வலி இரண்டு. நடை 22 நிமிடம். எடை மூன்றரை கிலோ குறைந்திருக்கிறது. ஜெல் முன்பு தினமும் மூன்று வேளை, இப்போது வாரத்தில் இரண்டு நாள். மழை நேரத்தில் இன்னும் இறுக்கம் உண்டு. நீண்ட நேரம் நின்று வேலை செய்தால் வலது முட்டி உப்பத்தான் செய்கிறது. தரையிலிருந்து எழுந்திருக்க இன்னும் கை ஊன்ற வேண்டும்.

படிகளில் இப்போது நேராக இறங்குகிறேன், ஒரு படிக்கு ஒரு கால். கைப்பிடியில் கை இருக்கிறது, ஆனால் பிடிப்பதில்லை, தொட்டுக்கொண்டு வருகிறது. போன செவ்வாய்க்கிழமை கீழே வந்து செருப்பைப் போடும்போதுதான் கவனித்தேன். அந்தக் கடைசிப் படியில் நான் நிற்கவே இல்லை.

மருத்துவரை மறுபடி பார்த்தேன். புதிய எக்ஸ்ரேயும் மூன்றாம் நிலைதான். படம் மாறவில்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

வெண்மேகம் எழுதியது:

அக்கா, கண் கலங்குகிறது. அம்மா நாளைக்கு ஆரம்பிக்கிறார். நாற்காலியில் எவ்வளவு உயரத்துக்கு மெத்தை வைத்தீர்கள்?

கடைசிப்படி எழுதியது:

தரையிலிருந்து 58 சென்டிமீட்டரில் ஆரம்பித்தேன். கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிற உயரம் எதுவோ அதுதான் அம்மாவுக்குச் சரியான உயரம், என் கணக்கைப் பார்க்காதீர்கள். முதல் நாள் நீங்கள் எதிரில் நில்லுங்கள். நாற்காலி கண்டிப்பாகச் சுவரோடு ஒட்டியிருக்கட்டும்.